அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களே,

குடியேற்றக் கால அமெரிக்காவைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறவன் நான். பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டியது வருகிறது, வரி வருகிறது, போர் வருகிறது. கொல்லர் மட்டும் வருவதில்லை. வந்தாலும், குதிரைக்கு லாடம் அடித்தார் என்ற ஒரே வரியோடு போய்விடுகிறார். 1607-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் குடியேற இறங்கிய முதல் ஆங்கிலேயக் கூட்டத்தின் பெயர்ப்பட்டியலிலேயே ஜேம்ஸ் ரீட் என்ற கொல்லர் இருக்கிறார். கோடரி வாய்க்கு எஃகு சேர்ப்பது, தேய்ந்த ஏர்க்கொழுவைத் தட்டி நீட்டுவது, கதவுக்குக் கீல், அடுப்பில் சட்டி தொங்கக் கொக்கி என்று ஊருக்கு வேண்டிய அத்தனைக்கும் அந்தப் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

ஆணியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய இரும்புக் கம்பியை உலையில் பழுக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்து நாலு பக்கமும் தட்டிக் கூராக்குவார். வேண்டிய நீளத்தில், துண்டாகிவிடாமல் கம்பியின் தடிமனில் முக்கால்வாசி வெட்டி, துளையுள்ள இரும்பில் சொருகி முறிப்பார். மேலே துருத்தி நிற்கும் நுனியை நாலைந்து அடியில் தலையாக்குவார். சூடு ஆறுவதற்குள் எல்லாம் முடியவேண்டும். ஒரே ஓர் ஆணிக்கு இவ்வளவு! வர்ஜீனியாவில் இடம் மாறிப் போனவர்கள், ஆணி பொறுக்குவதற்காகப் பழைய வீட்டையே கொளுத்தினார்கள். 1645-இல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. வீட்டைக் கொளுத்தக் கூடாது. அதில் எத்தனை ஆணி போயிருக்கும் என்று பொதுவான ஆட்கள் இருவர் கணக்குப் பார்ப்பார்கள். அத்தனை ஆணியை ஈடாகப் பெற்றுக்கொண்டு போகலாம்.

வரியைப் பற்றி அவ்வளவு எழுதுகிறீர்களே, 1750-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட இரும்புச் சட்டத்தையும் எழுதலாமே. இரும்பை உருக்கிப் பாளமாக இங்கிலாந்துக்கு அனுப்பலாம், ஆனால் ஆணிக்கம்பி கீறும் ஆலையோ எஃகு உலையோ அமெரிக்கக் குடியேற்றங்களில் புதிதாக வைக்கக் கூடாது என்றது அது.

அப்புறம், என் மனத்தை விட்டு அகலாத ஒன்று. தென்பகுதிப் பண்ணைகளில் உலை முன் நின்றவர்கள் பலர் அடிமைகள். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணைப் பட்டறையில் அக்கம்பக்கத்து விவசாயிகளும் வேலை கொடுத்து வாங்கினார்கள். கூலி வாஷிங்டனின் கணக்கேட்டில் வரவாயிற்று. 1799-இல் அவர் தயாரித்த அடிமைகள் பட்டியலில் கொல்லர்கள் என்று நாட், ஜார்ஜ் என்னும் இருவர் இருக்கிறார்கள். அடுத்த முறை மவுண்ட் வெர்னனைப் பற்றி எழுதும்போது, தயவுசெய்து அந்த இரண்டு பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்