முதலில் மீன், அப்புறம்தான் ராட்

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாவில் வடக்கு ஒன்டாரியோவின் ஏரிகளுக்கும் ஓடைகளுக்கும் ஃப்ளை ஃபிஷிங் (இறகும் மயிரும் சுற்றிய 'ஃப்ளை' என்ற போலி இரையை வீசி மீன் பிடிப்பது) போவது பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுதுவதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் '9 அடியில் 5-ஆம் எண் ராட் ஒன்று இருந்தால் எல்லாவற்றுக்கும் போதும்' என்று ராட்டைப் பற்றி, அதாவது தூண்டில் கோலைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதை நம்பிப் போகிறவர் பாதி நாள் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பார்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு தன் கனத்தால் நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும். ஃப்ளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். கொக்கியில் சுற்றிய இறகுக்கும் மயிருக்கும் எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை, ராட்டிலிருந்து வீசும் தடித்த நரம்பான லைனின் கனம்தான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. ராட்டில் எழுதியிருக்கும் எண் அந்த லைனின் எண்தான். 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம், 8-ஆம் எண் என்றால் 13 கிராமுக்கு மேல். கேட்க அற்ப வித்தியாசம். ஆனால் ஒரு சாண் நீளத்துக்கு, தண்ணீர் குடித்து ஊறிப்போன பைக் (கூர்மையான பல் கொண்ட பெரிய நன்னீர் மீன்) ஃப்ளையை எதிர்க்காற்றில் 5-ஆம் எண்ணில் வீசிப் பாருங்கள், லைன் பாதியிலேயே துவண்டு படகுக்குப் பக்கத்தில் குவியலாக விழும்.

அதனால் எந்த மீனைத் தேடிப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். புதர் மூடிய ஓடையில் ப்ரூக் டிரவுட் என்றால் ஏழு, ஏழரை அடியில் 3 அல்லது 4-ஆம் எண் போதும், அங்கே 9 அடி ராட்டைத் தூக்கினாலே கிளையில் மாட்டிக்கொள்ளும். ஏரியில் ஸ்மால்மவுத் பாஸுக்கு 6 அல்லது 7. பைக்குக்கு 8 அல்லது 9, கூடவே லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நைலான் நரம்பான லீடரின் நுனியில், பல் அறுக்காதபடி ஒரு சாண் கம்பி. இந்தக் கம்பியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் என்னை எழுத வைத்தது. முதல் பயணத்தில் நாணல் ஓரமாக ஒரு பெரிய பைக் என் ஃப்ளையைக் கவ்வியது, ஒரே ஒரு இழுப்பு, அடுத்த நொடி லைன் லேசாகிவிட்டது. சுற்றி எடுத்துப் பார்த்தால் நைலான் நரம்பு பிளேடால் வெட்டின மாதிரி இருந்தது. மீன் போனதுகூடப் பரவாயில்லை, வாயில் கொக்கியோடு போனதே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சரி, இரண்டு ராட் கொண்டுபோக முடியாது என்கிறவர்கள் ராட்டில் மிச்சம் பிடித்து ரீலுக்கு இன்னொரு ஸ்பூல் வாங்கி, அதில் மூழ்கும் லைன் சுற்றிக்கொள்ளுங்கள். மே மாதத்தில் பனிக்கட்டி உருகினதும் டிரவுட் கரையோரம் மேலாகவே திரியும், மிதக்கும் லைன் போதும். கோடையில் மேல்நீர் 20 டிகிரியை நெருங்கினதும் டிரவுட் குளிர்ந்த ஆழத்துக்கோ ஊற்று கசியும் இடத்துக்கோ போய்விடும், அப்போது எவ்வளவு விலை உயர்ந்த ராட்டாக இருந்தாலும் மிதக்கும் லைனோடு அந்த ஆழத்தை எட்டுவது கஷ்டம்.

ஃப்ளை வகைகளில் பத்துப் பெட்டி நிறையத் தேவையில்லை. மட்லர் மின்னோ மட்டும் நாலைந்து கட்டாயம் இருக்கட்டும். 1930களில் டான் கேப்பன் என்பவர் வடக்கு ஒன்டாரியோவின் நிபிகான் ஆற்றுக்காகவே கட்டியது அது. கல்லடியில் ஒளியும் ஸ்கல்பின் என்ற குட்டி மீனின் பருத்த தலை வர வேண்டும் என்று மான் மயிரைச் சுற்றி, உருண்டையாகக் கத்தரித்திருப்பார்கள். உலக சாதனையான பதினாலரை பவுண்டு ப்ரூக் டிரவுட் பிடிபட்டதும் அதே ஆற்றில்தான்.

அப்புறம் பூச்சி மருந்து. மே கடைசியிலும் ஜூனிலும் கருப்பு ஈக்கள் காதுக்குப் பின்னால் ரத்தம் வரக் கடிக்கும், மருந்து இல்லாமல் முடியாது. ஆனால் டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும். என் தம்பி கழுத்தில் தடவிய கையோடு லைனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான், சாயங்காலம் பார்த்தால் அந்த இடமெல்லாம் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது, புது லைன். பிகாரிடின் கலந்தது இப்படிச் செய்யாது. வலைத்தொப்பி ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

வேடர் (மார்புவரை வரும் நீர்புகாக் கால்சட்டை) போட்டுத் தண்ணீரில் இறங்குகிறவர்கள் இடுப்புப் பெல்ட்டைக் கட்டாமல் இறங்கவே கூடாது. வழுக்கி விழுந்தால் உள்ளே தண்ணீர் புகாமல் தடுப்பது அதுதான். வேறொரு நீர்நிலையில் இறங்கும் முன் பூட்ஸைக் கழுவிக் காய வையுங்கள், ஃபெல்ட் (அமுக்கிய கம்பளி போன்ற துணி) அடி ஈரத்தைப் பிடித்துவைத்து ஒரு ஆற்றின் பாசியை இன்னொன்றுக்குச் சுமக்கும் என்று அமெரிக்காவில் சில மாநிலங்கள் அதைத் தடையே செய்திருக்கின்றன.

ஒன்டாரியோவின் குவெட்டிகோ பூங்காவில் முள் (கொக்கி நுனியில் பின்னோக்கி நீட்டும் கூர்) இல்லாத கொக்கிதான் சட்டம். அந்தப் பூங்காவுக்குப் போகாவிட்டாலும் நீள மூக்குக் குறடு ஒன்று கொண்டுபோய் முள்ளை நசுக்கிவிடுங்கள், அதே குறடுதான் பைக்கின் பல்லுக்குள் விரலை விடாமல் கொக்கியை எடுக்கவும் உதவும். அடுத்த இதழில் இந்தக் கம்பி, குறடு, மூழ்கும் லைன் மூன்றையாவது சேர்த்து ஒரு திருத்தம் போடுங்கள், கோடைப் பயணத்துக்கு இப்போதே பொருள் வாங்க ஆரம்பித்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்