வேலூர் வட்டாரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துபவர்களுக்கு

வணக்கம். தோட்டப்பாளையத்திலிருந்து காட்பாடி காந்தி நகர் வரைக்கும் லேப் வைத்திருக்கிற எல்லோருக்கும் எழுதுகிறேன். 'உணவு ஒவ்வாமை டெஸ்ட்' என்ற பெயரில் ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள ஒரு வகை ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம்) பரிசோதனை செய்து கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அதிலும் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா மகளுக்கு அடிக்கடி வயிற்றுவலி வரும். ஒரு லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரிப்போர்ட்டில் பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை எல்லாவற்றுக்கும் நேராகச் சிவப்புக் கட்டம். அக்கா பயந்துபோய் அத்தனையையும் நிறுத்திவிட்டாள். கடலை எண்ணெயில் தாளிக்கிற வீட்டில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டி, தனிச் சமையல். யாராவது கடலை மிட்டாய் நீட்டினால் வாங்காமல் அம்மா முகத்தைப் பார்க்கிறது.

அந்தச் சிவப்புப் பட்டியலில் இருந்ததெல்லாம் அவள் தினமும் சாப்பிடுகிற சாப்பாடு. வராமல் என்ன செய்யும்? சாப்பிடுகிற பொருளுக்கு எதிராக உடம்பு ஐஜிஜி உண்டாக்குவது இயல்புதான். அதிலும் ஐஜிஜியின் ஒரு வகையான ஐஜிஜி4 என்பது அந்த உணவு உடம்புக்குப் பழகிவிட்டது என்பதையே பெரும்பாலும் காட்டும். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் அமைப்பு 2008லேயே இதைச் சொல்லி, இந்த டெஸ்ட்டை வைத்து ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று எழுதிவிட்டது. அமெரிக்க, கனடா அமைப்புகளும் அதையேதான் சொல்கின்றன.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பு தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டுகிறதே, அந்த ஒவ்வாமைக்குப் பார்ப்பது ஐஜிஇ என்ற வேறொரு ஆன்டிபாடி. அதுவும் தனியாக முடிவு சொல்லாது. என்ன சாப்பிட்டபோது என்ன ஆனது என்று டாக்டர் விசாரித்து, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்வார். பால் குடித்தால் வயிறு உப்புசம் என்பது பெரும்பாலும் பால் சர்க்கரையைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என்சைம் குறைவு, அதற்கும் ஆன்டிபாடிக்கும் சம்பந்தமே இல்லை. கோதுமை விஷயம் இன்னும் மோசம். சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்குப் பிள்ளை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டை நம்பி முன்பே நிறுத்திவிட்டால், நிஜமாகவே நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம்.

உங்கள் தொழிலைக் குறை சொல்லவில்லை. சர்க்கரை, தைராய்டு என்று எதற்கும் உங்களை நம்பித்தான் கை நீட்டுகிறோம். அந்த நம்பிக்கையில்தான் அக்காவும் நீட்டினாள்.

ஹெல்த் பேக்கேஜில் இதைச் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே ரிப்போர்ட் வாங்கிப்போன பெற்றோருக்கு ஒரு போன் செய்து, குழந்தை டாக்டரைப் பார்க்காமல் பிள்ளையின் சாப்பாட்டில் எதையும் நிறுத்த வேண்டாம், நிறுத்தியிருந்தால் உடனே போய்க் கேளுங்கள் என்று சொல்லுங்கள். நம்பர் உங்கள் பில் புக்கிலேயே இருக்கும்.