அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்கள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குடியுரிமைத் தேர்வுக்கு நீ படித்துவரும் கேள்விகளைப் பற்றி எழுதியிருந்தாய். அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்ட மக்கள் யார் என்பது அவற்றில் ஒன்று என்றும், ஆப்பிரிக்கர்கள் என்று சொன்னால் போதும், அடுத்த கேள்விக்குப் போய்விடலாம் என்றும் குறிப்பிட்டிருந்தாய். கேள்வி சரியானதுதான். ஆனால், விற்கப்பட்டவர்கள் யார் என்று கேட்கும் அந்தத் தேர்வு, அவர்கள் அந்த நாட்டில் எதையெல்லாம் கட்டினார்கள், எதையெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை. விரைவில் நீ அந்த நாட்டின் குடிமகளாக உறுதிமொழி எடுக்கப்போகிறாய். உன் பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். ஆகவே, தேர்வு கேட்காத அந்தப் பகுதியைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

அடிமைமுறை என்றதும் சாட்டையும் சங்கிலியும் நம் நினைவுக்கு வருகின்றன; நெஞ்சு இரங்குகிறது. அந்த இரக்கம் தேவைதான். ஆயினும் இரக்கத்தோடு நிறுத்திக்கொண்டால், அவர்களை வெறும் உடலுழைப்பாகக் கண்ட உரிமையாளர்களின் பார்வையையே நாமும் ஏற்றுக்கொண்டவர்களாகிறோம். அவர்களில் தச்சர்கள் இருந்தார்கள், கொல்லர்கள் இருந்தார்கள், நீரின் போக்கை அறிந்த உழவர்கள் இருந்தார்கள், உலோக வார்ப்பில் தேர்ந்தவர்கள் இருந்தார்கள். பறிக்கப்பட்டது அவர்களுடைய கூலி மட்டுமல்ல, அந்தத் திறமைக்கு உரிய பெயரும்தான்.

வெள்ளை மாளிகையிலிருந்து தொடங்குகிறேன். அதன் அடிக்கல் 1792 அக்டோபர் 13 அன்று நாட்டப்பட்டது. புதிய தலைநகரான வாஷிங்டனை எழுப்பும் பொறுப்பை ஏற்ற ஆணையர்கள் முதலில் ஐரோப்பாவிலிருந்து வேலையாட்களை வரவழைக்க முயன்றார்கள். எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் வரவில்லை. சுற்றியிருந்த மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் அடிமைகளை வைத்திருந்த உரிமையாளர்கள் பலர் இருந்தார்கள். ஆணையர்கள் அவர்களிடமிருந்து ஆண்டுக் கணக்கில் ஆட்களை வாடகைக்கு எடுத்தார்கள். உடையும் ஒரு கம்பளியும் உரிமையாளர் தர வேண்டும், உணவு ஆணையர்களின் பொறுப்பு, ஆண்டுக்கு 21 பவுண்டு வாடகை என்பது 1792ஆம் ஆண்டின் ஏற்பாடு. அந்த 21 பவுண்டு உரிமையாளரின் கைக்குப் போயிற்று.

வேலையாட்களின் வருகையைக் குறிக்கும் மஸ்டர் ரோலையும், செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தையும் சரிபார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். அதனால் அந்தக் காலத்துச் சம்பளப் பட்டியல்களின் படிகளைப் பார்த்தபோது என் கண் இயல்பாகவே யார் வேலை செய்தார், யார் பணம் பெற்றார் என்ற இரண்டு இடங்களுக்கும் மாறி மாறிப் போயிற்று. தச்சர்களின் பட்டியலில் பீட்டர், பென், ஹாரி, டேனியல் என்று பெயர்கள் வருகின்றன. குடும்பப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. இவர்களில் பெரும்பாலோர் மாளிகையை வடிவமைத்த ஜேம்ஸ் ஹோபனுக்கே உடைமையாக இருந்தவர்கள். அதாவது, கட்டடக் கலைஞர் தம் வேலைக்கான ஊதியத்தையும் பெற்றார், தம்மிடம் இருந்த தச்சர்களின் கூலியையும் பெற்றார். கையெழுத்தும் முத்திரையும் கூட்டலும் சரியாக இருக்கும் பட்டியல் நேர்மையானது என்று எங்கள் துறையில் ஒரு நம்பிக்கை உண்டு. இந்தப் பட்டியல்களில் அவை எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன.

கல் வந்தது வர்ஜீனியாவின் அக்வியா கிரீக் குவாரியிலிருந்து. அங்கே கிடைத்தது உளிக்கு எளிதில் இணங்கும் மணற்கல். அதைப் பாறையிலிருந்து பிளந்து, முரட்டு வடிவில் கொத்தி, படகில் ஏற்றி, பொடோமாக் ஆற்றின் வழியே தலைநகருக்குக் கொண்டுவர வேண்டும். அடிமைகளாக இருந்தவர்கள் பாறையைப் பிளந்தார்கள், மரம் அறுத்தார்கள், அடித்தளம் தோண்டினார்கள், சூளையில் செங்கல் சுட்டார்கள். நுண்துளைகள் நிறைந்த கல் என்பதால் பனிக்காலத்தில் நீர் உறைந்து வெடித்துவிடக் கூடாது என்று 1798இல் சுவருக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். அந்த மாளிகையின் வெண்ணிறம் தொடங்கியது அங்கேதான். ஸ்காட்லாந்திலிருந்து வந்த கல்தச்சர்களும், ஐரிஷ்காரர்களும், சுதந்திரமான கறுப்பினத்தவரும் அதே களத்தில் உழைத்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. வாசல் மேலே ரோஜாக்களைச் செதுக்கியவர்கள் அந்த ஸ்காட்லாந்துக்காரர்கள். ஆனால், அவர்கள் செய்த வேலைக்கு அவர்களே கூலி வாங்கினார்கள், வேண்டாம் என்றால் விட்டுப்போகவும் முடிந்தது.

நாடாளுமன்றம் கூடும் கேப்பிட்டல் கட்டடத்தின் கதையும் இதுவே. 1795க்கும் 1801க்கும் இடையில், அடிமைகளின் உழைப்புக்காக உரிமையாளர்களுக்குப் பணம் தரப்பட்ட பதிவுகள் 385 கிடைத்திருக்கின்றன. அந்தக் கட்டடத்தின் குவிமாடத்துக்கு மேலே நிற்கும் வெண்கலப் பெண்ணைப் படங்களில் பார்த்திருப்பாய். சுதந்திரத்தின் சிலை என்று பெயர். உயரம் பத்தொன்பதரை அடி. அதை வார்த்ததில் பெரும்பங்கு வகித்த பிலிப் ரீட் என்பவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சிலையின் வடிவத்தை ரோம் நகரில் உருவாக்கியவர் தாமஸ் கிராஃபோர்டு. வெண்கலத்தில் வார்க்கும் ஒப்பந்தம் கிளார்க் மில்ஸ் என்ற சிற்பியிடம் போயிற்று. மில்ஸ் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இளைஞராக இருந்த ரீட்டை 1,200 டாலருக்கு வாங்கியவர். ரோமிலிருந்து வந்த பிளாஸ்டர் மாதிரியை ஓர் இத்தாலியக் கைவினைஞர் தலைநகரில் பொருத்தி நிறுத்தினார். வார்ப்படச்சாலைக்குக் கொண்டுபோக அதைப் பிரிக்க வேண்டிய நேரம் வந்தபோது, கூடுதல் கூலி தந்தாலொழிய இணைப்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். இணைப்புகளின் மேல் பூச்சு இருந்ததால் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. ரீட் என்ன செய்தார் தெரியுமா? சிலையின் தலையில் இருந்த இரும்பு வளையத்தில் கப்பிக் கயிற்றை மாட்டி, மெல்ல மெல்ல மேல் நோக்கி இழுத்தார். எடை மேலே ஏற ஏற, உள்ளே மறைந்திருந்த இணைப்பு மயிரிழை அளவுக்கு விரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது. அப்படியே ஒவ்வொரு பகுதியாகப் பிரித்தார்கள். இதை உலகுக்குச் சொன்னது மில்ஸின் மகன்தான். கனமான பொருளைத் தூக்கிப் பழகிய எவருக்கும் இது எவ்வளவு நுட்பமான வேலை என்று தெரியும். கை சற்று அவசரப்பட்டிருந்தால் மாதிரி நொறுங்கியிருக்கும்.

வார்ப்பு நடந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மட்டும் ரீட்டுக்கே கூலி கிடைத்தது. வார்ப்பு அச்சுகளின் அடியில் நெருப்பு அணையாமல் காத்த 33 ஞாயிறுகளுக்கு, நாளொன்றுக்கு 1.25 டாலர் வீதம் 41.25 டாலர். பற்றுச்சீட்டில் கையெழுத்துக்குப் பதிலாக அவர் பெருக்கல் குறி இட்டிருக்கிறார். வாரத்தின் மற்ற ஆறு நாட்களுக்கான கூலி மில்ஸுக்குப் போனது. 1862 ஏப்ரல் 16 அன்று தலைநகரில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இழப்பீடு தந்தது. யாருக்கு என்று நீயே ஊகித்திருப்பாய். மில்ஸ் அரசிடம் கொடுத்த மனுவில், ரீட் கூர்ந்த அறிவுள்ளவர், வார்ப்படச்சாலையில் நல்ல வேலைக்காரர் என்று எழுதி 1,500 டாலர் கேட்டார்; 350.40 டாலர் பெற்றார். அந்தத் திறமையை அதன் உரிமையாளரே எழுத்தில் ஒப்புக்கொண்டது இழப்பீட்டுத் தொகையை உயர்த்துவதற்காக என்பதை என்னால் ஆத்திரப்படாமல் எழுத முடியவில்லை. சிலையின் கடைசிப் பகுதி 1863 டிசம்பர் 2 அன்று குவிமாடத்தின் மேல் ஏறியது. அப்போது ரீட் சுதந்திர மனிதர்.

இன்னொரு செய்தி. கிராஃபோர்டு முதலில் அந்தப் பெண்ணின் தலையில், பண்டைய ரோமில் விடுதலை பெற்ற அடிமைகள் அணிந்த குல்லாயை வைக்க நினைத்தார். கட்டுமானத்தின் பொறுப்பில் இருந்த போர்த்துறைச் செயலர் ஜெஃபர்சன் டேவிஸ் அதை எதிர்த்தார்; குல்லாய் போய்த் தலைக்கவசம் வந்தது. பின்னாளில், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவரானவர் இதே டேவிஸ்தான்.

திறமைக்குப் பெயர் கிடைக்காமல் போனதற்குச் சமூக வழக்கம் மட்டும் காரணம் அல்ல. சட்டமே அப்படி இருந்தது. மிசிசிப்பியில் நெட் என்ற அடிமை பருத்தி வயலுக்கான ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். உரிமையாளர் காப்புரிமை கேட்டார். கண்டுபிடித்தவர் அவர் அல்லர் என்பதால் கிடைக்கவில்லை. நெட் கேட்கவும் வழியில்லை, ஏனெனில் அடிமை குடிமகன் அல்லன், காப்புரிமைக்கான உறுதிமொழியை அவன் எடுக்க முடியாது. 1858இல் அரசின் தலைமை வழக்கறிஞர் இந்த நிலைப்பாட்டையே உறுதிசெய்தார். அதன்பின் எத்தனை கருவிகள் யார் யார் பெயரில் வந்தன என்பதை எந்தப் பதிவேட்டிலிருந்தும் எடுக்க முடியாது.

நெல்லைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத்தின் செல்வத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் நெல்லிலிருந்து வந்தது. சைப்ரஸ் மரங்கள் அடர்ந்த சதுப்பு நிலங்களை வெட்டித் திருத்தி, முழங்கால் சேற்றில் நின்று மைல் கணக்கில் கரை எழுப்பியவர்கள் அடிமைகள். கரையின் ஊடே மரப்பெட்டி போன்ற மதகு. இரண்டு முனையிலும் கதவு. ஆற்றுப்பக்கக் கதவைத் தூக்கினால், கடல் பெருக்கால் ஆற்றில் ஏறிவரும் ஓதம் உள்பக்கக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வயலில் பாயும். ஓதம் இறங்கும்போது, உள்ளே தேங்கிய நீரின் அழுத்தமே அந்தக் கதவை மூடிவிடும். வடிக்க வேண்டுமானால் இதையே எதிர்த்திசையில் செய்ய வேண்டும். கடலின் உப்புநீர் எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் ஏறும், நன்னீர் எப்போது வரும் என்று தெரியாதவர் அந்தக் கதவைத் தொட்டால் பயிர் முழுவதும் போய்விடும். இந்த அறிவில் ஆப்பிரிக்காவின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். ஆனால், நெல் விளையும் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் என்று தனியாகக் குறிப்பிட்டே சார்ல்ஸ்டனில் ஏல விளம்பரங்கள் வெளிவந்தன. வாங்க வந்தவர்களுக்குத் தாங்கள் எதற்கு விலை கொடுக்கிறோம் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

மருத்துவத்திலும் ஓர் உதாரணம் உண்டு. பாஸ்டனில் பாதிரியார் காட்டன் மேதரிடம் அடிமையாக இருந்த ஒனிசிமஸ், பெரியம்மை வராமல் தடுக்க ஆப்பிரிக்காவில் தமக்குச் செய்யப்பட்ட முறையைச் சொன்னார். அம்மைக் கொப்புளத்தின் சீழைச் சிறிது எடுத்துத் தோலைக் கீறி உள்ளே வைப்பது. 1721இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியபோது, மேதரின் தூண்டுதலால் மருத்துவர் சாப்டியல் பாய்ல்ஸ்டன் அதைச் செய்து பார்த்தார். கடும் எதிர்ப்புக்கு இடையில் செய்தார். குத்திக்கொண்டவர்களில் இறந்தவர்கள் மற்றவர்களைவிட மிகக் குறைவு.

உள்நாட்டுப் போருக்குச் சற்று முன், 1860இல், அந்த நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி. அதை விளைவித்த தென்மாநிலங்களில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேர் அடிமைகள். இதைத் தெற்கின் பாவம் என்று வடக்கு கை கழுவவும் முடியாது. நியூயார்க்கின் மான்ஹாட்டனில் 1991இல் ஓர் அரசுக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது, ஆப்பிரிக்கர்களின் பழைய இடுகாடு வெளிப்பட்டது. அங்கே எடுக்கப்பட்ட எலும்புகளை ஆராய்ந்தவர்கள், தசைகள் எலும்போடு இணையும் இடங்களில் அளவுக்கு மீறிய சுமையின் தழும்புகளைக் கண்டார்கள். ஆய்வுக்குப் பின் 419 பேரின் எச்சங்கள் 2003இல் அதே இடத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.

இதெல்லாம் பழங்கதை, இப்போது நாம் என்ன செய்ய முடியும் என்று மாப்பிள்ளை கேட்கக்கூடும். நான் எதிர்பார்ப்பது பெரிய காரியம் எதுவும் அல்ல. பிள்ளைகளைத் தலைநகருக்கு அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறாய். கேப்பிட்டல் பார்வையாளர் மையத்தில் விடுதலை மண்டபம் என்று ஒரு பெரிய கூடம் இருக்கிறது. கிராஃபோர்டின் பிளாஸ்டர் மாதிரி, ரீட் பிரித்தெடுத்த அதே மாதிரி, அங்கேதான் நிற்கிறது. அதே கூடத்தில், கட்டடத்திலிருந்து முன்பு எடுக்கப்பட்ட அக்வியா மணற்கல் ஒன்றை 2012இல் அடிமைத் தொழிலாளர்களின் நினைவாக வைத்திருக்கிறார்கள். பெரியவனுக்கு இப்போது கப்பியும் நெம்புகோலும் பள்ளியில் பாடமாக வந்திருக்குமே. அந்தச் சிலையின் முன்னால் நிறுத்தி, இணைப்பு எங்கே இருக்கிறது என்று உன்னால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று முதலில் அவனைக் கேள்; பிறகு பிலிப் ரீட் எப்படிக் கண்டுபிடித்தார் என்று சொல். அவன் என்ன பதில் சொன்னான் என்பதை எனக்கு மறக்காமல் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
அப்பா