மேட்டில் உழைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ஓடையில் தண்ணீர் தெளிந்து வருவதைப் பார்த்து நம் நீர்ப்பிடிப்புப் பாதுகாப்புக் குழுவைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு உச்சிச் சரிவில், யார் கண்ணிலும் படாமல் வேலை செய்தவர்களுக்கே சேர வேண்டும். ஒரு ஹெக்டேரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 1 லட்சம் லிட்டர் தண்ணீர். மேட்டிலேயே அதன் வேகத்தைத் தணிக்காவிட்டால் பள்ளத்தில் கட்டும் தடுப்பு எதுவும் தாங்காது.

அகழி தோண்டுவதற்காகச் சரிவில் ஒரே மட்டத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடு குறித்தவர்களின் பொறுமையைச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு உதவும் ஏ-பிரேம் என்ற மட்டம் பார்க்கும் கருவி இரண்டு கால், ஒரு குறுக்குச் சட்டம், உச்சியிலிருந்து தொங்கும் கல் கட்டிய நூல், அவ்வளவுதான். ஆனாலும் தினமும் வேலைக்கு முன் நூல் சட்டத்தைத் தொடும் இடத்தைக் குறித்து, கால்களை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்றி வைத்து மறுபடி குறித்து, இரண்டுக்கும் நடுவில் மட்டக்கோடு போட்டுக்கொண்டீர்கள். இதைச் செய்யாவிட்டால் அகழி ஒரு பக்கம் சாயும். தண்ணீர் அந்த முனையில் சேர்ந்து, உடைத்துக்கொண்டு புதுப் பள்ளம் பறிக்கும். தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட்டு, 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்டிவேர் நட்டவர்களுக்கும், அது வேர் பிடிக்கும்வரை ஆடுமாடுகளை அந்தப் பக்கம் விடாதவர்களுக்கும் நன்றி.

பள்ளத்தின் குறுக்கே கல் தடுப்பு அடுக்கியவர்களே, முதலில் மேல்மட்டம் ஒரே சீராக அமைந்துவிட்டது என்று நீங்களே கண்டு பிரித்து அடுக்கினீர்கள். நடுப்பகுதி தாழ்வாக இல்லையென்றால் வெள்ளம் ஓரமாக ஒதுங்கிக் கரையை அரிக்கும், தடுப்பு தனியே நிற்கும். இரு முனைகளையும் கரைக்குள் அரை மீட்டர் புதைத்தீர்கள். உருண்டைக் கல் உருண்டுவிடும் என்று முனையுள்ள கல்லாகத் தேடி எடுத்தீர்கள். தண்ணீர் விழும் இடத்தில் குழி பறிக்காமலிருக்கக் கல் பரப்பினீர்கள். கடைசி வேலைதான் என்றாலும் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

மழை கொட்டும்போதே, பத்திரமான கரையில் நின்று, கோலில் கட்டிய பாட்டிலால் ஓடைத் தண்ணீர் மாதிரி எடுத்தவர்களுக்கும் கடமைப்பட்டுள்ளோம். பாட்டிலை ஓடைத் தண்ணீராலேயே மூன்று முறை அலசி, வாயை நீரோட்டத்துக்கு எதிரே காட்டிப் பிடித்தீர்கள். வெயில் நாளில் மட்டும் எடுத்திருந்தால் மண் எந்தக் கிளையோடையிலிருந்து வருகிறது என்பதே தெரிந்திருக்காது.

ஓடையோரத்து நிலத்தை உழாமல் விட்டுக்கொடுத்தவர்களுக்கும் எங்கள் வணக்கம். அங்கே புல் மூடி நிற்கிறது.

நன்றியுடன்,
நீர்ப்பிடிப்புப் பாதுகாப்புக் குழுவினர்