மகளுக்கு, நாசரேத்திலிருந்து

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். போன ஞாயிறு கோயிலில் அசன விருந்து நடந்தது. மாப்பிள்ளை பந்தி விசாரிக்கிற இடத்தில் இந்த வருஷம் சின்னவன் நின்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

போனில் கேட்டால் "நல்லா இருக்கோம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மாப்பிள்ளை கிட்னிக்குப் பொட்டாசியம் ஆகாதே, காய்கறியை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தானே சமைக்கிறாய்? இளநீர் வேண்டவே வேண்டாம். கருப்பட்டி இந்த முறை அனுப்பவில்லை, அதிலும் பொட்டாசியம் அதிகமாம். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த கையில் பிபி பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடாதே. புது நர்ஸ் வந்தால் நீயே முந்திச் சொல். எல்லாம் உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாரம் 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்துவிட்டு அப்புறம் வேலைக்கும் ஓடுகிறாய். என் பிள்ளை இப்படி நிற்கிறாளே என்று பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாயாமே, பெரியம்மா சொன்னாள். ஜனங்கள் விசாரிக்கிறார்கள் என்றா? பரிதாபப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முழங்காலில் நிற்கிற இடத்தை அவர்களுக்காக விடலாமா?

"நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று பவுல் எழுதினது சிறையிலிருந்து. அந்த வசனத்தைக் காட்டி உன்னை அழக்கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதே. தன் சரீரத்திலிருந்த முள்ளை, அந்த வேதனையை, எடுத்துவிடச் சொல்லி ஆண்டவரிடம் மூன்று தரம் கெஞ்சினவரும் அதே பவுல்தான். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. நீயும் கேள், அழுதே கேள். ஆனால் மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள். அவர் முன்னால் சிரித்துவிட்டு அடுப்பங்கரையில் தனியே அழ வேண்டாம். டயாலிசிஸ் இல்லாத நாளிலாவது ரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு என்ற பேச்சை விட்டுவிட்டுக் கொஞ்சம் மொட்டை மாடிக்குப் போங்கள். அவர் தப்பாகப் பேசினால் முன்போலச் சண்டை போடு. நோயாளி என்று எல்லாவற்றுக்கும் சரி சரி என்றால் அவர் மனசு ஒடிந்துபோகும்.

அடுப்பங்கரை விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். செவ்வாய்க்கிழமை, நீ வராந்தாவில் இருந்தபோது, மாப்பிள்ளை டயாலிசிஸ் படுக்கையிலிருந்தே போன் செய்தார். நீ தனியே அழுவதைச் சொன்னார். "அவளை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க அத்தை, என்னால அவ வாழ்க்கையும் போகுது" என்றார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அது தெரியவில்லையே. உன் வாயால் சொல். வியாதியிலும் சுகத்திலும் என்று கல்யாணத்தன்று ஆல்டர் முன்னால் நீ சொன்னதை அவர் இன்றைக்கு இன்னொரு தரம் கேட்க வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். தாம்பரத்துக்கு யாரும் வர வேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். சனிக்கிழமை டயாலிசிஸுக்கு அவரோடு நான் போகிறேன். நீ வீட்டில் தூங்கு.

அம்மா