தட்டைப் பிரித்தால் காசநோய் போய்விடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பின் மருத்துவக் கேள்வி-பதிலில், வீட்டில் காசநோயாளி இருந்தால் தனி அறை, தனித் தட்டு, தனி டம்ளர் ஒதுக்கிவிடச் சொல்லி ஒரு வரி வந்திருக்கிறது. அந்தத் தனி அறைக்கு வாடகை யார் தருவார்கள் என்பதையும் சேர்த்துப் போட்டிருக்கலாம்.

என் கணவருக்குக் காசநோய் வந்தபோது எங்களுக்கு இருந்ததே ஒரு அறை, ஒரு ஜன்னல். வீட்டுக்கார அம்மா அந்த ஜன்னலையும் சாத்தி வைக்கச் சொன்னார். காற்று அவர்கள் பக்கம் வருகிறதாம். நன்றாகக் காற்று வந்துபோக வேண்டும் என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. மாமியார் வீட்டில் என் கணவர் பெயர் வெட்டிய டம்ளர் ஒன்று சின்ன வயதிலிருந்தே உண்டு. அதைத் தேடி எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டார்கள். இருமும்போது காற்றில் பரவுகிற நோய்க்கு டம்ளர் என்ன பாவம் செய்தது? மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஆறு மாதச் சிகிச்சை முடிந்து அவர் குணமான பிறகும் அந்த டம்ளர் திண்ணையை விட்டு வரவில்லை.

இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம்தான் இன்று சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் வைத்தாலும் சரி, நெருக்கடியான வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சரி, குணமாவதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டிலிருப்போருக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று உலகத்துக்கே காட்டிய ஊர் இது. இங்கே அச்சாகும் பத்திரிகைதான் இன்னும் தட்டைப் பிரிக்கச் சொல்கிறது!

2020இல் கொரோனா வீடுகளுக்குத் தகரம் அடித்தபோது, தெருப் பெயரோடு படம் போட்டீர்கள். பயத்தில் பரிசோதனைக்கே போகாமல் ஒளிந்தவர்களை எங்கள் தெருவில் பார்த்தேன். 2024இல் காசநோய் மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்தபோது அதே இணைப்பில் முகப்பொலிவுக் குறிப்பு. காசநோயாளிகளுக்கு அரசு மாதாமாதம் தரும் ஊட்டச்சத்துப் பணத்தை 1,000 ரூபாயாக உயர்த்தியதைக் கொட்டை எழுத்தில் போட்டீர்கள், நல்லது. அது கைக்கு எப்போது வந்து சேர்கிறது என்று யாராவது விசாரித்தீர்களா? எங்களுக்கு வந்தது மருந்தெல்லாம் முடிந்த பிறகு.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள்: தட்டு, டம்ளரால் காசநோய் பரவாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடுங்கள், வீட்டிலிருப்பவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அங்கே காசு வாங்குவதில்லை.

என் பெயரைப் போட வேண்டாம். மறுபடி வீடு தேட எங்களுக்குத் தெம்பில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வடசென்னை