குலை நோய் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது தானே பேப்பர் படிக்கிறார். பெரியவள் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உன் மகன் நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே வந்துவிட்டான் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் தாளடி நெல்லில் கழுத்துக் குலை நோய் விழுந்து கதிரெல்லாம் வெளுத்துப் பதராகிவிட்டதே! "எதிர்ப்பு ரகம் என்று சொல்லித்தானே விதை கொடுத்தார்கள், எப்படி விழுந்தது?" என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருடமாக நான் படிப்பதும் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குலை நோயைக் கொண்டுவருவது ஒரு பூசணம். இலையில் நடுவே சாம்பல், ஓரத்தில் பழுப்பு என்று கண் வடிவப் புள்ளி பார்த்திருப்பாயே, அதிலிருந்துதான் ஆயிரக்கணக்கில் பூசண வித்துகள் கிளம்புகின்றன. பேரிக்காய் வடிவம், மூன்று அறைகள், நுனியில் பசை. பனி இறங்கி இலை ஈரமானதும் வித்து ஒட்டி முளைத்து, முளையின் நுனியில் உருண்டையாக ஒரு உறுப்பை உண்டாக்கும். அதன் சுவரில் மெலனின் என்ற கறுப்பு நிறமி படிந்ததும் உள்ளே அழுத்தம் ஏறும். கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் 40 மடங்கு! அந்த விசையில்தான் இலையின் தோலைக் குத்தி உள்ளே போகிறது. நீ அடிக்கும் டிரைசைக்ளசோல் என்ற பூசண மருந்து மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது, அதனால் துளைக்க முடியாமல் போகிறது. அதை நோய் வருமுன் அடிக்கச் சொல்வது இதனால்தான்.

உள்ளே போனதும் பயிரின் எதிர்ப்பை அடக்கச் சின்னச் சின்னப் புரதங்களைச் செல்லுக்குள் அனுப்பும். எதிர்ப்பு ரகத்தில் இருக்கும் மரபணு அப்படி ஒரு புரதத்தை அடையாளம் கண்டுகொள்ளும். கண்டதும் அந்தச் செல்லே செத்து, பூசணத்தை அங்கேயே முடக்கிவிடும். பயிரில் ஒரு மரபணுவுக்குப் பூசணத்தில் ஒரு மரபணு என்ற இந்தக் கணக்கை அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆளிப் பயிரின் துரு நோயை வைத்து 1940களில் ஹரால்ட் ஃப்ளோர் கண்டுபிடித்தார். இதைப் பூசணம் தாண்டுவதற்குப் புதிதாக எதையும் கற்க வேண்டாம், சண்முகம். அந்தப் புரதத்தைத் தொலைத்தால் போதும். அப்படிப்பட்ட புரதங்களைத் தரும் பூசண மரபணுக்களில் பல குரோமோசோம் நுனியில், இடம் விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டுகளுக்குப் பக்கத்தில் இருப்பதால் சுலபமாக அறுந்துபோகின்றன.

நம் கோயம்புத்தூர் கோ 39 ரகத்தையே எடுத்துக்கொள். குலை நோய்க்கு உடனே விழும் ரகம் என்று உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் வைத்திருக்கிறார்கள். ஆனால் எராக்ராஸ்டிஸ் என்ற புல்லைத் தாக்கும் குலை நோய்ப் பூசணத்தில் இருக்கும் ஒரு மரபணுவைக் கோ 39 கண்டுபிடித்து விரட்டிவிடும். அந்த மரபணுவுக்கே ஏவிஆர்1-கோ39 என்று நம் ரகத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நெல்லைத் தாக்கும் பூசணங்களில் பெரும்பாலானவற்றில் அது சரியாக இல்லை. கோ 39க்குக் காவல் இல்லாமல் இல்லை. கண்டுபிடிக்க வேண்டியதைப் பூசணம் தொலைத்துவிட்டது. முதலில் இதைப் படித்தபோது மலைத்துப் போனேன், இன்றும் வகுப்பில் சொல்லும்போது அதே மலைப்புதான்.

கோதுமையில் நடந்தது இன்னும் பயங்கரம். 1985இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கோதுமைக்குக் குலை நோய் வந்தது. அதற்கு முன் அங்கே பயிரிட்ட ரகங்களில் பல, ஆர்டபிள்யூடி3 என்ற காவல் மரபணு இல்லாதவை. ரை புல்லைத் தாக்கும் பூசணம் முதலில் அவற்றில் காலூன்றியது. பிறகு தன்னைக் காட்டிக்கொடுக்கும் மரபணுவும் பழுதாகவே, காவல் உள்ள கோதுமையையும் தாக்கியது. ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்தின் யுகியோ தோசா குழு 2017இல் இதை வெளியிட்டது. அதற்கு முந்தைய வருடமே நோய் வங்காளதேசத்துக்கு வந்து சுமார் 15,000 ஹெக்டேரில் பரவிவிட்டது. விஞ்ஞானிகள் மரபணுத் தரவை உடனே பொதுவில் போட்டார்கள், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று சீக்கிரமே தெரிந்தது. அந்த வேகமும் திறந்த மனமும்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, உன் வயலுக்கு வருவோம். ஒரே மரபணுவை நம்பிய ஒரே ரகத்தை ஊர் முழுக்க நட்டால், அதைத் தாண்டும் பூசணம் எங்கோ ஒரு இடத்தில் முளைத்ததுமே எல்லா வயலும் அதற்குத் தீனி. இரண்டு மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்த ரகம் கிடைக்குமா என்று விசாரி. பக்கத்து வயல்காரர்களிடமும் பேசி வேறு வேறு ரகம் போடச் சொல். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள், தழைச்சத்து அதிகமானால் இந்த நோய்க்குக் கொண்டாட்டம்.

எந்த ரகம், எப்போது நட்டது, யூரியா எவ்வளவு, இலையில் புள்ளி முதலில் எப்போது தெரிந்தது, இதையெல்லாம் எழுது. கழுத்து கறுத்த கதிர் சிலவற்றை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட்டு அனுப்பு, பாலித்தீனில் வேண்டாம். உன் மகனை ஒரு நாள் இங்கே அனுப்பு, மைக்ரோஸ்கோப்பில் அவனே பார்க்கட்டும்.

அன்புடன்,
ராஜேந்திரன்